ஈ ஓட்டாதீர்கள், எண்ணுங்கள்!

கே: பெரியகுளம் கண்மாய் பெருகினால் போதும், சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றி ஒரே கொசுக்கூட்டம். ஆனால் ஒன்றுகூடக் கடிப்பதில்லை. இப்படியும் சாதுவான கொசு உண்டா அண்ணாச்சி?
– குடும்பத்தலைவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: அது கொசுவே இல்லைம்மா. கைரோனோமிட் என்னும் நீர் ஈ. உருவம் கொசுவைப் போலத்தான். குத்துகிற ஊசி மட்டும் கிடையாது. இறக்கை முளைத்த பிறகு சில நாள்தான் ஆயுள். ஜோடி சேர்ந்து தண்ணீரில் முட்டையிட்டதும் ஜோலி முடிந்தது. அதற்கு முந்தைய வாழ்க்கை முழுக்கக் கண்மாய்ச் சேற்றில், புழுவாக. அந்தப் புழுக்களில் பல நல்ல ரத்தச் சிவப்பு. நமக்கு இருப்பது போலவே அவற்றுக்கும் ஹீமோகுளோபின் உண்டு. ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் காலம் தள்ள அதுதான் கைகொடுக்கிறது. மீன் தின்பது இதை, தவளை தின்பது இதை, அந்தியில் தண்ணீருக்கு மேலே வட்டமடிக்கும் தகைவிலான் குருவி பிடிப்பதும் இதை. கண்மாயை ஏலம் எடுத்தவர் தராசில் நிறுக்கும் மீனில் இந்த ஈக்கும் பங்குண்டு. வாசல் விளக்கை அரை மணி நேரம் அணைத்து வையுங்கள், கூட்டம் கலைந்துவிடும்.

கே: கொசு, தும்பி, ஈசல், தேனீ – இதில் எதெல்லாம் ஈக் கணக்கில் வரும்?
– பள்ளி மாணவன், மம்சாபுரம்

ப: இறக்கையை எண்ணு தம்பி. இரண்டே இரண்டு என்றால் ஈ. கொசு உள்ளே, மற்ற மூன்றுக்கும் நான்கு இறக்கை, அதனால் வெளியே. ஈக்குப் பின்னிறக்கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் முனை தடித்த இரண்டு குட்டிக் காம்புகள் இருக்கும். பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணர்த்திச் சமன் செய்ய வைப்பவை அவைதாம். பெயர் வைக்கப்பட்ட ஈ இனங்கள் மட்டும் உலகில் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

கே: என் பால்கோவாக் கடையை மொய்க்கும் ஈயும் கண்மாயில் இருந்துதானே வருகிறது?
– கடைக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: கண்மாய் மேல் பழி போடாதீர்கள். உங்கள் தட்டில் உட்காருவது வீட்டு ஈ. சாணத்திலும் அழுகிய குப்பையிலும் முட்டையிடுவது. நம் வெயிலுக்கு முட்டை ஈயாக ஒன்றிரண்டு வாரம் போதும். உங்கள் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம்! கடைக்குப் பின்னால் கிடக்கும் குப்பையை வாரம் இரண்டு முறை அள்ளுங்கள், ஈயின் வம்சம் அங்கேயே அறுந்துபோகும்.

கே: கண்மாயில் எத்தனை வகை ஈ இருக்கிறது என்று பட்டியல் போட்டு என்ன ஆகப்போகிறது? தண்ணீரை லேபில் கொடுத்தால் தெரியாதா?
– மில் தொழிலாளி, ராஜபாளையம்

ப: பாட்டில் தண்ணீர், அதைப் பிடித்த நேரத்துச் சேதியைச் சொல்லும். சேற்றில் வாரக்கணக்காய்க் குடியிருந்த புழுவோ போன மாதம் ராத்திரியில் யாரோ திறந்துவிட்ட கழிவுக்கும் சாட்சி. சாக்கடை கலந்தால் ஆக்ஸிஜன் குறைகிறது; மூச்சு முட்டும் இனங்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போகின்றன; தாக்குப்பிடிக்கும் ஓரிரு இனங்கள் மட்டும் லட்சக்கணக்கில் பெருகுகின்றன. ஆகவே எத்தனை ஈ என்பதைவிட எத்தனை வகை ஈ என்பதே முக்கியம். மலையிலிருந்து இறங்கும் ஐயனார் கோயில் ஆற்றில் ஒரு பட்டியல், ஊர்ச் சாக்கடை சேரும் கண்மாயில் ஒரு பட்டியல் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், நடுவில் நாம் தண்ணீருக்கு என்ன செய்தோம் என்பது பெயர் பெயராகத் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலைப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை. சிங்கப்பூரில் அலையாத்திக் காடுகளை இப்படித்தான் துழாவினார்கள். மர வகை குறைவு, பூச்சி வகையும் குறைவாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இருந்த இடம் அது. 2021-இல் முடிவு வந்தபோது மூவாயிரத்துக்கு மேற்பட்ட பூச்சி இனங்கள்!

கே: நட்டுப் பத்து நாள்தான் ஆகிறது, வயல் தண்ணீர் மேல் சிறு ஈக்கள் பறக்கின்றன. மருந்து அடிக்கட்டுமா?
– விவசாயி, சேத்தூர்

ப: வேண்டாம், கையை மடக்கிக்கொண்டு இருங்கள். மக்கு தின்று வளரும் அந்த நீர் ஈக்கள்தாம் முதல் வாரங்களில் சிலந்திக்கும் மற்ற வேட்டைப் பூச்சிகளுக்கும் சோறு. ஜாவாத் தீவின் நெல்வயல்களில் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி வருவதற்குள் காவல்படை தின்று கொழுத்துத் தயாராக நிற்கும். இப்போதே மருந்தடித்தால் காவலும் போச்சு, காவலுக்கான சோறும் போச்சு. இந்தோனேசியா 1986-லேயே நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. நெல்லைக் கெடுக்கும் ஆனைக்கொம்பனும் ஈதான், ஆனால் அதன் அடையாளம் வேறு: நடுக்குருத்து வெங்காயத் தாள் போலக் குழலாகும். அதைக் கண்டால் மட்டும் வேளாண் அலுவலரைப் பாருங்கள்.

கே: கண்மாயை மூடினால் டெங்கு ஒழியுமா?
– வீட்டுமனை வாங்கியவர், ராஜபாளையம்

ப: ஒழியாது. டெங்குக் கொசு உங்கள் வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலும் இருக்கிறது. மூடவேண்டியது தொட்டியை.

கே: ஈப்பொறி தைக்க எங்கள் ஊர் பேண்டேஜ் துணி உதவுமா?
– விசைத்தறி உரிமையாளர், சத்திரப்பட்டி

ப: கேட்ட மனசுக்கு நன்றி. ஆனால் கண் பெரிது, ஒரு மில்லிமீட்டர் ஈ தப்பிவிடும். பருத்தி என்பதால் நனைந்தால் தொய்ந்தும் விடும். நெருக்கமான நைலான் வலையே நல்லது. கூடாரம் மாதிரி நிற்கும் மலேஸ் பொறியைச் செய்தவர் ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன்காரர். தம் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேல் மூலைக்கே ஏறுவதைக் கவனித்தவர், 1934-இல் பர்மாவில் அந்த யோசனையைப் பொறியாக்கினார். கோஸ்டாரிகாவில் வெறும் 4 ஹெக்டேர் மலைக்காட்டில் இந்தப் பொறிகளையும் வேறு சிலவற்றையும் வைத்து ஓராண்டு பிடித்ததில் 4,332 ஈ இனங்கள் கிடைத்தன.

கே: "ஈ பிடிக்கவா காலேஜுக்கு அனுப்பினோம்?" என்கிறார் அப்பா.
– விலங்கியல் மாணவி, ராஜபாளையம்

ப: காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் இருந்த பி. சூசை நாதனைப் பற்றி அப்பாவிடம் சொல்லும்மா. பூச்சி பிடிப்பதையே தொழிலாக்கி, போன நூற்றாண்டின் நடுவில் தென்னிந்திய மலைகளெங்கும் திரிந்து, உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவர். அவர் பிடித்த நெடுங்கால் ஈக்கள் அமெரிக்காவில் சார்லஸ் அலெக்சாண்டர் கைக்குப் போயின; 11,000-க்கு மேற்பட்ட இனங்களை விவரித்த மனிதர் அவர். இன்று பல பூச்சி இனங்கள் 'நாதனி' என்றே பெயர் தாங்கி நிற்கின்றன. இந்திய ஈக்களைப் பற்றி 1912-இல் பெருந்தொகுதி எழுதிய புருனெட்டியோ இசைக்கலைஞர்!

கே: நானும் ஈப் பட்டியல் எடுக்கத் தொடங்கலாமா? செண்பகத்தோப்புக்கு வலையோடு போகட்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வத்திராயிருப்பு

ப: காட்டுக்குள் வேண்டாம் ஐயா, 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியும் பிடிக்கக்கூடாது. ஊர்க் கண்மாய் போதும். பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மஞ்சள் கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு சொட்டுச் சோப்பும் விட்டுக் கரையில் வையுங்கள். மஞ்சளைப் பூ என்று நம்பி ஈக்கள் வரும். தை, மாசியில் தண்ணீர் வற்றி ஈரச்சேறு வெளித்தெரியும் சமயம் அருமையான வேட்டை. கிடைத்ததை ஆல்கஹாலில் போட்டு, இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும்.