சாணித்தாள் பரம்பரை

கல்யாணப் பந்தியில் இந்தப் பழைய காமிக்ஸ் பிரியர் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது. சாம்பாருக்கு இரும்புக்கை மாயாவி, ரசத்துக்கு வேதாளம், மோருக்கு வாண்டுமாமா. மோரோடு தப்பித்தோம் என்று எழுந்தால், கைகழுவும் இடத்துக்கும் கூடவே வருவார்.

வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கல்யாண நாளைக் கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். முத்து காமிக்ஸ் முதல் இதழைக் கேளுங்கள்: 1972 ஜனவரி, சிவகாசி, இரும்புக்கை மாயாவி. ராணி காமிக்ஸ் 1984, ஒன்றரை ரூபாய். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

இந்த இனத்தில் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். மாயாவி மேல் இருந்த பக்தியில்தான் அந்த வேலைக்குப் போனாரோ என்று நெடுநாளாய் ஒரு சந்தேகம். மாயாவிக்கு வலது கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962-இல் லண்டனின் 'வேலியண்ட்' பத்திரிகையில் பிறந்த மனிதர், பத்து வருடம் கழித்து சிவகாசி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். “நம்ம ஊர் பவர்கட்டுக்கு அவர் ஒரு கேஸும் பிடிச்சிருக்க முடியாது சார்” என்று இலாகா ரகசியம்போலச் சொல்வார் நம் நண்பர்.

இவர்கள் குலத்துக்கே பொதுவாக ஒரு வில்லி உண்டு, பெரும்பாலும் அத்தை. இவர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருடம், பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணி அம்புலிமாமா, ரத்னபாலா, பூந்தளிர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்ட மகராசி. பொங்கலுக்குப் பொங்கல் அத்தை காலில் விழுந்து எழுவார். எழும்போதே, “கிலோ என்ன வெலைக்குப் போட்டே அத்தை?” என்று ஆரம்பித்துவிடுவார். அத்தைக்குக் காது மந்தமானது இந்தக் கேள்விக்குப் பயந்துதான் என்று வீட்டில் பேச்சு. 1985-இல் சென்னையின் பழைய புத்தகக் கடைகளோடு மூர் மார்க்கெட் எரிந்ததையும், அத்தை பெட்டியைக் கவிழ்த்ததையும் ஒரே மூச்சில்தான் சொல்வார். கேட்பவருக்கு மார்க்கெட்டையும் அத்தைதான் கொளுத்தினாளோ என்று தோன்றும்.

சோவியத் புத்தகங்கள் பக்கம் பேச்சு திரும்பினால் குரல் தழுதழுக்கும். வழவழவென்று தாள், வண்ணப் படம், கெட்டி அட்டை; விலையோ பஸ் டிக்கெட் மாதிரி. சாத்தூர் வெயிலில் பனியன் நனைய உட்கார்ந்து பனிச்சறுக்கு வண்டியைப் பற்றிப் படித்த தலைமுறை. சமோவாரைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அதில் டீ கொதிக்கும் சத்தம் தெரியும். “சோவியத் உடைஞ்சதுல எனக்கு அரசியல் வருத்தமெல்லாம் இல்ல. அந்தப் பேப்பர் போச்சே!” இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்த மலிவு விலையில் உலகத்தைப் பார்த்த பையன்கள் நிஜமாகவே நிறையத் தெரிந்துகொண்டார்கள். கஷ்டம் என்னவென்றால், தெரிந்துகொண்டதை வைத்து இன்றைக்கும் நமக்குப் பரீட்சை வைக்கிறார்கள்.

“வாண்டுமாமாவோட இயற்பெயர் என்ன, சொல்லுங்க?”

கிருஷ்ணமூர்த்தி என்று சொல்லிவிட்டால் விட்டது சனி என்று நினைக்காதீர்கள். கௌசிகன் என்ற பெயரில் எழுதியதும் அவர்தான் என்று தெரியுமா என்பார். வேதாளமாவது விக்கிரமாதித்தன் பதில் சொன்னதும் மரத்துக்குத் திரும்பிவிடும். இவர் சொன்னாலும் தோளில்தான், சொல்லாவிட்டாலும் தோளில்தான்.

மறுபதிப்புகள் வருகின்றனவே, ஆனந்தம்தானே? அதுவும் இல்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் வரிசையில் நின்று ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்குவார்: ஒன்று படிக்க, ஒன்று பாதுகாக்க. இரண்டும் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, அந்துருண்டையோடு பீரோவுக்குள் போய்விடும். “பட்டுப்புடவையெல்லாம் கட்டிலுக்கு அடியில சூட்கேஸ்ல கிடக்கு” என்று மனைவி காபி வைத்துக்கொண்டே சொல்வார். இவர் காதில் விழாது. புதுத்தாள் உசத்திதான், ஆனால் அந்தச் சாணித்தாள் வாசனை வருமா என்று மூக்கைச் சுளித்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதே இல்லை என்று பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. ஊஞ்சலில் அவருடைய அக்கா பேத்தி ஒரு தடிப் புத்தகத்தில் முக்கால்வாசியைத் தாண்டியிருந்தாள்.

“ஏ குட்டி, அதை மூடி வெச்சிட்டு இங்க வா. நீங்கல்லாம் ஏன் படிக்கிறதில்லன்னு மாமாவுக்குச் சொல்லிட்டிருக்கேன், நீயும் கேளு.”

வந்தாள். மாயாவியின் மகிமையைப் பொறுமையாகக் கேட்டாள். பீரோ திறக்கப்பட்டது. கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, உறையோடு, இரண்டடி தள்ளி அட்டையைக் காட்டினார்.

“கரண்ட் பட்டா உடம்புதானே மறையணும் தாத்தா? சட்டை, பேன்ட் எப்படி மறையும்?”

அரை நூற்றாண்டுப் பக்தி ஒரு கணம் ஆடிப்போனது. அவர் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

“அதெல்லாம் அப்படித்தான். நாங்க இப்படிக் கேள்வி கேட்டதே இல்ல.”

“உள்ள ஏதாவது சொல்லியிருப்பாங்க தாத்தா. குடுங்க, படிச்சுப் பாக்கறேன்.”

புத்தகம் அவசரமாக பீரோவுக்குள் போயிற்று. சாவி பூணூலில் முடிச்சாயிற்று.

“ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன்மா. செவ்வாய்க்கிழமைக்குள்ள திருப்பித் தந்துடணும்.”