துக்கத்துக்கு வருமானச் சான்று

பெறுநர்:
உள்துறை, நீதித்துறை அமைச்சகங்கள்,
பிரிட்டிஷ் அரசு, லண்டன்.

பொருள்: பயங்கரவாதத் தாக்குதலில் உறவினரை இழந்தோர்க்கு அரசு நல்கும் ஆதரவு – பர்மிங்காம், 1974 – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: இல்லை.

1974 நவம்பர் 21 இரவு 8.11 மணிக்குப் பர்மிங்காம் நாளிதழ் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஓர் எச்சரிக்கை வந்தது. அடுத்த சில நிமிடங்களில் மல்பெரி புஷ் மதுக்கூடத்தில் குண்டு வெடித்தது. பின்னாலேயே டேவர்ன் இன் த டவுன் மதுக்கூடத்திலும் வெடித்தது. ஐரிஷ் குடியரசுப் படை (ஐ.ஆர்.ஏ.) வைத்த குண்டுகளுக்கு 21 பேர் பலியாயினர்.

அரசின் வேகம் அப்போது மெச்சத்தக்கதாக இருந்தது. எட்டே நாளில் பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. அந்தத் தற்காலிகம் புதுப்பிக்கப்பட்டுக் கால் நூற்றாண்டு நீடித்தது. 1975இல் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்பது மட்டுமே குறை; 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சரிசெய்தது. குண்டு வைத்ததற்காக அதன் பிறகு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஒரே வழக்கில் நிரபராதிகளை உள்ளேயும் குற்றவாளிகளை வெளியேயும் 16 ஆண்டு வைத்திருப்பது எளிய நிர்வாகச் சாதனையல்ல.

மரண விசாரணையின் கதை இன்னும் ஒழுங்கானது. குற்ற வழக்கு நடப்பதால் அது ஒத்திவைக்கப்பட்டது. வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டதால் மீண்டும் தொடங்கத் தேவையில்லாமல் போயிற்று. தீர்ப்பே ரத்தான பிறகும் கோப்பு அசையவில்லை. 2016 ஜூனில்தான் மரண விசாரணை அதிகாரி அதை மீண்டும் தொடங்க உத்தரவிட்டார்.

அரசின் ஆதரவு முழுமையாக வெளிப்பட்டது இந்தக் கட்டத்தில்தான். மரண விசாரணை உண்மையறியும் முயற்சி மட்டுமே, அதில் வாதியுமில்லை பிரதிவாதியுமில்லை, ஆகவே குடும்பத்தாருக்கு வழக்கறிஞர் பொதுவாகத் தேவையில்லை என்பது அரசின் அப்போதைய கொள்கை. இதே கொள்கைப்படி காவல்துறைக்கும் வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் காவல்துறையின் வழக்கறிஞர்கள் மக்கள் வரிப்பணத்தில், விண்ணப்பப் படிவம் ஏதுமின்றி வந்து அமர்ந்தனர்.

குடும்பத்தாருக்கோ படிவம் இருந்தது. சட்ட உதவி வேண்டுமெனில் தங்களுடையது ‘விதிவிலக்கான’ நேர்வு என்று நிறுவ வேண்டும். வருமானம், சேமிப்பு, சொத்து எல்லாவற்றையும் காட்ட வேண்டியிருந்தது. அக்காளைக் குண்டுக்குப் பலிகொடுத்த தங்கை ஏழையாகவும் இருந்தாக வேண்டும் என்பது அன்றைய விதி. அவர்கள் நம்பிய வழக்கறிஞர் நிறுவனம் வேறு வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் இருந்தது. ஐ.ஆர்.ஏ.வின் போர் ஐரிஷ் கடலைத் தாண்டி வந்துவிட்டது. சட்ட உதவிப் பணத்துக்குத்தான் அந்தக் கடல் ஆழமாகப் பட்டது. குடும்பத்தார் இணையத்தில் பொதுமக்களிடம் கையேந்தி நிதி திரட்டினர். பர்மிங்காம் விசாரணை முடிந்து சுமார் மூன்று ஆண்டு கழித்து, 2022இல், இத்தகைய நேர்வுகளுக்கு வருமானச் சோதனை நீக்கப்பட்டது.

குண்டு வைத்தது யார் என்ற கேள்வி விசாரணை வரம்பில் இல்லை என்பது விசாரணையை நடத்திய அதிகாரியின் முடிவு. 2018 ஜனவரியில் உயர் நீதிமன்றம் குடும்பத்தார் பக்கம் நின்றது; செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரி பக்கம் நின்றது. 2019 ஏப்ரலில் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்: 21 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர். 44 ஆண்டுகளாகக் குடும்பத்தாருக்குத் தெரிந்திருந்த செய்தி இவ்வாறு அதிகாரபூர்வமாயிற்று.

2025 அக்டோபரில் பொது விசாரணைக் கோரிக்கையும் மறுக்கப்பட்டது. வட அயர்லாந்து மோதல்காலக் கொலைகளுக்கென அமைந்த ஆணையத்தை அணுகுமாறு வழிகாட்டப்பட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், அரசு அமைப்புகள் சம்பந்தப்பட்ட மரண விசாரணைகளில் குடும்பத்தாருக்கும் இலவச வழக்கறிஞர் தரும் மசோதா நாடாளுமன்றத்தில் அறிமுகமாகியிருந்தது. இறப்பதில் அரை நூற்றாண்டு பொறுமை காட்டியவர்களுக்கு அது பயன்படும்.

இந்த நிர்வாகத்தில் சமத்துவம் ஒன்றே பாக்கி. இனி மரண விசாரணைக்கு வழக்கறிஞர் அமர்த்துமுன் காவல்துறைத் தலைவரும் அமைச்சகச் செயலரும் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைச் சமர்ப்பித்து, தங்களுடையது விதிவிலக்கான நேர்வு என்று நிறுவ வேண்டும். படிவம் ஏற்கெனவே அச்சில் உள்ளதால் கூடுதல் செலவு ஏதுமில்லை.

நகல்: இறந்த 21 பேரின் குடும்பத்தாருக்கு. அஞ்சல் செலவை அவர்களே ஏற்க வேண்டும்.