மரத்துக்குப் பேன் பார்க்கிறோம்

கே: என் மகள் அசுவினி நட்சத்திரம். அந்தப் பெயரைப் போய் ஒரு பூச்சிக்கு வைத்திருக்கிறார்களே, நியாயமா?
– நட்சத்திரக்காரியின் அப்பா, மதுரை

ப: எங்கள் பக்கத்தில் ‘அசுவுணி’ என்போம். செடிப்பேன் என்று கூப்பிட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது. ஜாதகத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பொருத்தம் பார்க்கும் வேலையே அந்தக் குலத்தில் பெரும்பாலும் கிடையாது. ஏனென்று அடுத்த பதிலில்.

கே: மாடியில் டிரம்மில் வைத்த கொய்யாவின் கொழுந்தில் திங்கட்கிழமை நாலே நாலு அசுவினி. அடுத்த திங்கள் கொழுந்தே தெரியவில்லை. கள்ள ஓட்டா?
– புதிய மாடித்தோட்டக்காரர், சென்னை

ப: அத்தனையும் செல்லத்தக்க ஓட்டு. 1740-இல் ஜெனீவாவில் சார்ல் போனே என்ற இருபது வயதுப் பையனுக்கு இதே சந்தேகம் வந்தது. பிறந்த கையோடு ஒரு அசுவினிக் குட்டியைப் பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்தார். காலை முதல் இரவு வரை லென்ஸும் கையுமாக அதன் எதிரே உட்கார்ந்துவிட்டார். ஆண் வாடையே படாத அந்த அம்மாள் ஈன்ற குட்டிகள் 95! ஒவ்வொன்றையும் நேரம் போட்டுக் குறித்து வைத்தார் மனிதர். சில வருடங்களில் அவருக்குப் பார்வை மங்கிப்போனது. நீங்கள் எண்ணாமல் விட்டதே நல்லது.

முட்டை, அடைகாத்தல் எதுவும் இல்லை, நேரே குட்டிதான். அந்தக் குட்டி பிறக்கும்போதே அதன் வயிற்றில் அடுத்த கரு வளர ஆரம்பித்திருக்கும். தாய் வயிற்றில் மகள், மகள் வயிற்றில் பேத்தி. வளைகாப்பும் பேர்சூட்டலும் ஒரே பந்தியில். குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் ஆண்கள் பிறப்பார்கள், கல்யாணம் நடக்கும், முட்டை பனிக்காலத்தைத் தாண்டும். நம் வெயிலில் அந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம். கூட்டம் நெருக்கினால் சில குட்டிகளுக்கு இறக்கை முளைக்கும். பக்கத்து மாடியிலும் கொய்யா இருக்கிறதா?

கே: மாமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தினால் சீட்டெல்லாம் பிசுபிசு. அசுவினிதானே?
– சீட்டில் ஒட்டிக்கொண்டவர், சேலம்

ப: மாமரம் என்றால் முதலில் தத்துப்பூச்சியைச் சந்தேகப்படுங்கள். அசுவினிக்குப் பிடித்தது எலுமிச்சை, மாதுளை, கொய்யா, வாழை. ஆனால் பிசுபிசுப்பின் கதை ஒன்றுதான். மரத்தின் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதச் சத்து சொற்பம். அந்தச் சொற்பத்துக்காகக் குடம் குடமாகக் குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சும் சர்க்கரைத் தண்ணீர் பின்வழியே உங்கள் சீட்டில். குடித்தும் போதாததற்கு, அசுவினியின் உடம்புக்குள்ளேயே புக்னெரா என்ற பாக்டீரியா குடியிருந்து, கிடைக்காத சத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது. வாடகை வாங்காமல் சமையலும் செய்யும் குடித்தனக்காரர்!

இலைமேல் விழுந்த அந்தப் பாகில்தான் பிறகு அடுப்புக்கரி பூசினாற்போல் கரும்பூசணம் படரும். ஜெர்மனியின் கருங்காட்டு மலையில் இதே கழிவை ஊசியிலை மரங்களிலிருந்து தேனீக்கள் சேகரிக்கின்றன. அந்தத் தேன் பூந்தேனைவிட விலை அதிகம். உங்கள் சீட்டை நக்கிப் பார்க்கச் சொல்லவில்லை.

கே: எறும்பை ஒழித்தால் அசுவினி ஒழியுமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

ப: ஒழியாது, அநாதையாகும். எறும்பு தன் உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தட்டுவதை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தட்டுத் தட்டு, ஒரு சொட்டு. காலையில் மடியை நீவும் நம் பால்காரர் தோற்றார். பதிலுக்கு எறும்பு, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும், சில சமயம் கறவையைத் தூக்கிக்கொண்டுபோய் நல்ல கொழுந்தில் விடும். அடிமரத்தில் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். மண்ணைத் தொடும் கிளையைக் கவாத்து செய்யாமல் விட்டால் எறும்புக்குப் பைபாஸ் ரோடு கிடைத்துவிடும்.

கே: வாழையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு பூச்சி. இதற்குப் போய் வேளாண்மை அதிகாரி ஏன் முகம் வெளுக்கிறார்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்

ப: திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா, சார்? சிறுமலையைக் கேட்டிருக்கலாமே.

வாழை அசுவினி குடிக்கும் சாற்றால் வாழை சாகாது. அதன் வாயில் வரும் வைரஸ்தான் எமன். முடிக்கொத்து நோய். பிஜித் தீவில் 1880களிலேயே தென்பட்டு, 1913-க்குள் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. அதைச் சுமப்பது அசுவினி என்று 1920களில் ஆஸ்திரேலியாவில் மேகி என்ற ஆய்வாளர் நிரூபித்தார். 1940 வாக்கில் கேரளம். பிறகு நம் மலைகள். விருப்பாச்சியிலும் சிறுமலையிலும் காப்பித் தோட்ட நிழலில் செழித்த மலைவாழை, ஆயிரக்கணக்கான ஏக்கரில் அழிந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் அது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பழத்தைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

நோய் மலையேறியது நாலு மில்லிமீட்டர் கூட இல்லாத பூச்சியால் மட்டுமல்ல. அது பக்கத்து மரத்துக்குத்தான் போகும். ஊர்விட்டு ஊர் கொண்டுபோனது நாம். ‘நல்ல ஜாதிக் கன்று’ என்று மச்சான் கொடுத்தார், பஸ் மேலே போட்டோம். ஒரு தாய்மரத்துக்கு நோய் இருந்தால் பக்கக்கன்று ஒன்றுகூடத் தப்பாது.

இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பின் ஓரம், கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தந்தி அடித்தாற்போல் இருந்தால் ‘உடனே புறப்படவும்’ என்று அர்த்தம். பிறகு இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். குலை வராது, வந்தாலும் தொண்டையில் சிக்கிய முள்தான். வைத்தியம் கிடையாது, கிழங்கோடு தோண்ட வேண்டும். ஆனால் தோண்டுவதற்கு முன்னால் குருத்திலும் அடிமட்டைக்குள்ளும் இருக்கும் அசுவினியை மருந்தடித்துக் கொல்லுங்கள். முதலில் வெட்டினால் அத்தனையும் பக்கத்துத் தோப்புக்குக் குடிபெயரும். இதைப் பலர் செய்வதில்லை. அவசரத்தில் அரிவாள்தான் முதலில் கைக்கு வருகிறது.

கே: மரத்துக்குச் சோகம் வருமா?
– கவிஞர் (தன்னிலை விளக்கம்), கும்பகோணம்

ப: வரும். பேரே ‘டிரிஸ்டெசா’, போர்த்துகீசியத்தில் துயரம். கருப்பு நிற அசுவினி ஒன்று பரப்பும் வைரஸால் 1930, 40களில் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் லட்சக்கணக்கான ஆரஞ்சு மரங்கள் வாடிச் செத்தன. புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டுக்கட்டிய மரங்கள்தான் பெரும்பாலும். அவர்கள் அழுதுகொண்டு உட்காராமல் வேர்ச்செடியை மாற்றினார்கள். வீரியம் குறைந்த வைரஸை முன்கூட்டியே ஏற்றி, கொடிய வைரஸைத் தடுத்தார்கள். மரத்துக்கு அம்மைப்பால். கவிதையாக எழுதினால் எனக்கு அனுப்ப வேண்டாம்.

கே: யூரியா போட்டேன். மாதுளை பச்சைப்பசேல். கூடவே அசுவினியும்!
– விவசாயி, விருதுநகர்

ப: இலை போட்டு விருந்து வைத்தது நீங்கள். வந்தவர்களைக் குறை சொல்லலாமா?

கே: எந்த மருந்து நல்லது?
– பலர்

ப: பைப்புத் தண்ணீர். இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சினால், ஊசிவாய் பிய்ந்து கீழே விழுந்ததில் மேலே ஏறி வருவது குறைவு. அதற்கும் மசியாவிட்டால், வேப்பம்பருப்பு 50 கிராம் இடித்து, இரவெல்லாம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் தெளியுங்கள். சுருண்ட இலைக்குள் எதுவும் போய்ச் சேராது, கிள்ளி எறியுங்கள்.

ஆனால் தெளிப்பதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது உத்தமம். நான் பார்க்கவில்லை. போன தை மாதம் என் எலுமிச்சையில், அசுவினிக் கூட்டத்தின் நடுவே குட்டி முதலைபோல் கருப்பும் ஆரஞ்சுமாக ஏதோ மேய்ந்தது. ‘இதுதான் பெரியண்ணன்’ என்று விரலால் நசுக்கினேன். ஏழெட்டு இருக்கும். நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது பொறிவண்டின் புழு. என் வீட்டுக் காவலையே நான் தீர்த்துக்கட்டியிருக்கிறேன். அதே இலையில் காய்ந்த சில அசுவினிகள் பழுப்பாக, உப்பி, முதுகில் கம்பஸ் வைத்துப் போட்டாற்போல் வட்ட ஓட்டையோடு ஒட்டியிருந்தன. தாய்க்குளவி உள்ளே இட்ட முட்டையிலிருந்து வளர்ந்த சிறு குளவி வெளியேறிய வாசல் அது.

கே: சரி, உங்கள் எலுமிச்சை இப்போது எப்படி இருக்கிறது?
– மனைவி, அடுக்களை

ப: ஒன்பது காய். முதலைகள் மூன்று. ஊறுகாய்க்கு இந்த வருடமும் கடைதான்.