கம்பி வராது, கல்லு வரும்

கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவன் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் 1974 முதல் கறாராக நின்றன. வெளி வருமானம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் வாங்க முடியாது என்றொரு வரம்பும் இருந்தது. 2015இல் அந்த வரம்பை 2 லட்சத்திலிருந்து 25 லட்சத்துக்கு ஏற்றினார்கள். 2020இல் பிரிவுகளையே தூக்கிவிட்டார்கள். ராகி பயிரிடுகிறவர்களுக்கு இந்தச் சேதி போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, எலக்ட்ரானிக் சிட்டிக்கு அன்று மாலையே வந்துவிட்டது. கனகபுரா சாலை, ஹோசகோட்டே, தொட்டபள்ளாப்பூர், ஆனேக்கல் என்று நாலா பக்கமும் சனிக்கிழமை விவசாயிகள் கிளம்பினார்கள். என் மைத்துனன் கனகபுரா சாலையில் கிளம்பினான்.

அவன் வாங்கியது 20 குண்டே. இங்கே ஏக்கருக்கு 40 குண்டே. ஒரு குண்டே என்பது 33 அடிக்கு 33 அடி. அரை ஏக்கர் என்று சொன்னால் போதும். ஆனால் குண்டே என்று சொல்லும்போதுதான் மண்ணோடு கலந்துவிட்ட திருப்தி அவனுக்கு வருகிறது.

சனிக்கிழமை விவசாயி முதலில் பயிரிடுவது வேலி. மா, சப்போட்டா, அவகேடோ எல்லாம் அப்புறம். அதற்கும் முன்னால் சர்வேயரை வரவழைத்து ‘ஹத்துபஸ்து’ செய்ய வேண்டும், அதாவது எல்லையை அளந்து கல் நட வேண்டும். அளந்தார்கள். பத்திரத்தில் சதுரமாக இருந்த நிலம் நேரில் ஐந்து மூலையோடு இருந்தது.

பெங்களூருக்கு எல்லை போட்டுத் தோற்ற பழைய அனுபவம் உண்டு. 1537இல் ஊரை நிறுவிய கெம்பேகௌடர் நான்கு திசையிலும் எருதுகளை ஏர் பூட்டி ஓட்டவிட்டு வீதிகளை வகுத்தார் என்று கதை சொல்வார்கள். பின்னால் நான்கு காவல் கோபுரங்கள் எழுந்தன: லால்பாக் பாறைமேல் ஒன்று, அல்சூர் ஏரிப் பக்கம் ஒன்று, கெம்பாம்புதி ஏரிக்கரையில் ஒன்று, மேக்ரி சர்க்கிள் அருகே ஒன்று. ஊர் இதற்குள் அடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றைக்கு லால்பாக் கோபுரத்தடியில் கிளம்பி ஊர் எல்லையைத் தொட ஒன்றரை மணி நேரம் ஆகும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்.

அந்த லால்பாக் பாறையைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும். ‘தீபகற்ப நைஸ்’ என்ற வகை. வயது சுமார் 300 கோடி ஆண்டு. தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பெங்களூரைச் சுற்றி வேலிக்கு நடுகிற ஏழடிக் கல்லும் பெரும்பாலும் இந்தப் பாறைக் குடும்பம்தான். மரத்தூண் கறையான் தின்னும், இரும்புத்தூண் ஆள் தூக்கிப் போவான், கல் அப்படியே நிற்கும். அதில் கட்டுகிற முள்கம்பி பதினைந்து வருஷம் தாங்கினால் அது கொடுத்துவைத்த கம்பி. 300 கோடி வருஷத்தையும் பதினைந்து வருஷத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது ஒரு சாண் கட்டுக்கம்பி.

முள்கம்பி இங்கே கிலோ கணக்கில் விற்பனை. 12-க்கு-14 என்று கேட்க வேண்டும்: முறுக்கிய இரண்டு இழையும் 12 கேஜ், முள் 14 கேஜ். மீட்டருக்குச் சுமார் 100 கிராம் வரும். இதைக் கண்டுபிடித்த பெருமைக்கு அமெரிக்காவில் பலர் அடித்துக்கொண்டார்கள். இலினாய் மாநிலத்தின் டிகால்ப் ஊரைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் என்ற விவசாயி 1874இல் காப்புரிமை வாங்கினார். முள்ளை வளைக்க அவர் முதலில் திருகியது வீட்டுக் காப்பிக்கொட்டை மெஷினை. அதே ஊர்க்காரரான ஜேக்கப் ஹெய்ஷ் ‘நானும்தான்’ என்று கிளம்ப, கம்பி யாருடையது என்ற வழக்கு 1892இல் உச்ச நீதிமன்றத்தில்தான் தீர்ந்தது. வேலி என்று வந்தால் வழக்கும் வரும் என்பதற்கு ஹத்துபஸ்து தேவையில்லை.

கல் நட்டாயிற்று, கம்பி வந்தாயிற்று. அதை இழுத்துக் கட்ட வேண்டும். இங்கேதான் என் மைத்துனன் படிக்க ஆரம்பித்தான். அவன் படிக்க ஆரம்பித்தால் வேலை ஒரு மாதம் தள்ளிப்போகும்.

அவன் படித்து வந்து சொன்னது உண்மையிலேயே நல்ல கதை. நியூசிலாந்தின் தென்தீவில் ஒட்டுரெஹுவா என்று ஒரு சிற்றூர். அங்கே எர்னஸ்ட் ஹேய்ஸ் என்றொருவர் 1895இல் பட்டறை போட்டார். முதலில் செய்தது முயலைக் கொல்லும் விஷ உருண்டைகளை வெட்டும் கருவி. அவர் பட்டறையில் இரும்பை அடிக்க, மனைவி ஹன்னா சைக்கிளில் கரடுமுரடான பாதையெல்லாம் மிதித்துப் பண்ணை பண்ணையாக ஆர்டர் பிடித்தார். காற்றாலை வைத்துப் பட்டறையை ஓட்டினார்கள். 1924இல் ஹேய்ஸ் செய்த கம்பி இழுக்கும் கருவி உலகம் சுற்றியது: ஒரு சங்கிலி, கம்பியைக் கவ்வ இரண்டு தாடை, ஆட்ட ஒரு கைப்பிடி. இழுக்க இழுக்கத் தாடை இன்னும் இறுகக் கடிக்கும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒவ்வொரு கண்ணியாகச் சங்கிலி ஏறும். ஒரே ஆள் பல நூறு மீட்டர் கம்பியை ஒரு முனையில் நின்று விறைக்க வைத்துவிடலாம். பட்டறையை இன்று நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள்.

“ஒரே ஆள், மாமா!” என்றான். அவனிடம் ஏற்கெனவே மூன்று ஆள் கூலிக்கு நின்றிருந்தார்கள்.

அந்தக் கருவியைத் தேடி எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். எஸ்.பி. ரோட்டில் கிடைக்காதது எதுவும் உலகில் தேவைப்படாதது என்று பெங்களூரில் ஒரு நம்பிக்கை. முதல் கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து, இந்தியில் தொடர்ந்து, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். “வேலிக் கம்பி இழுக்கறதுக்கா? கடப்பாரை இருக்கு, தரட்டுமா?” மைத்துனன் புண்பட்டான். அடுத்த கடையில் ‘புல்லர்’ இருந்தது. சின்ன உருளை, அதில் சுற்றிய ஆறடி ரோப், ஒரு பல்சக்கரம், இரண்டு முனையிலும் கொக்கி. கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி: “எத்தனை டன்?”

நான் 12 கேஜ் கம்பி என்ன கனம் தாங்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு இழையும் சேர்த்து நானூறு கிலோ வாக்கில் அறுந்துவிடும். அதற்குள் மைத்துனன் இரண்டு டன் என்று சொல்லிப் பணமும் கட்டிவிட்டான். பொறியாளர்கள் இதைப் பாதுகாப்புக் காரணி என்பார்கள். யாருக்குப் பாதுகாப்பு என்பது வேறு விஷயம்.

வேலி மேஸ்திரி தர்மபுரிப் பக்கத்துக்காரர். புல்லரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாருக்கு சார். பள்ளத்துல எறங்குன வண்டிய இழுக்கறதுல்ல இது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நேராக மூலைக்கல்லிடம் போய் அதைக் காலால் ஒரு உதை விட்டார். அவருக்குக் கம்பியில் அக்கறையே இல்லை. “சப்போர்ட் கல்லு குடுக்காம இழுக்கக் கூடாது. வலிச்சா கம்பி வராது சார், கல்லு வரும்.”

மைத்துனன் அதற்குள் கம்பியில் யு-கிளாம்ப் போட்டுக் கொக்கியை மாட்டியிருந்தான். ‘டக்’ என்றது பல்சக்கரம். தரையில் கிடந்த கம்பி எழுந்தது. ‘டக் டக்’ என்றது, கம்பி நேரானது. அவன் முகத்தில் நியூசிலாந்து தெரிந்தது. முதல் கம்பியைக் கட்டி இரண்டாவதை இழுத்தான். இரண்டாவது விறைத்தபோது முதல் கம்பி லேசாகத் தொங்கியது. மூன்றாவதை இழுக்க, முதல் இரண்டும் தொங்கின. நான்காவதில் எல்லாருக்கும் விஷயம் புரிந்தது. மூலைக்கல் அவனை நோக்கி வணங்கிக்கொண்டிருந்தது. 300 கோடி வருஷம் யாருக்கும் வளையாத பாறை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை மைத்துனனே அன்று இரவு போட்டான். ஒரு கம்பிக்கு 100 கிலோ இழுவை என்றால் ஆறு கம்பிக்கு 600 கிலோ. அவ்வளவையும் தாங்குவது இரண்டடி மட்டுமே மண்ணுக்குள் இருக்கும் ஒற்றைக் கல். நடுவில் இருக்கிற கல்லெல்லாம் கம்பியைச் சும்மா ஏந்திக்கொண்டு நிற்கும், அவஸ்தையெல்லாம் மூலைக்குத்தான். கல்லுக்கு நசுக்கினால் வலிக்காது, வளைத்தால் முறிந்துவிடும். அதனால்தான் மூலையில் சாய்வாக இன்னொரு கல்லை முட்டுக் கொடுத்துக் கான்கிரீட் போடுகிறார்கள். போட்டோம். அது இறுக ஒரு வாரம்.

கணக்கு அதோடு நிற்கவில்லை. கம்பியின் தொய்வு தூண்களுக்கு நடுவே உள்ள தூரத்தின் வர்க்கத்தில் கூடும். தூணே இல்லாமல் 100 மீட்டர் கட்டினால், 100 கிலோ இழுவையிலும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் தொங்கும். பத்தடிக்கு ஒரு கல் நட்டால் தொய்வு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். சுத்தமாகத் தொய்வே கூடாது என்றால் முடிவிலி விசை வேண்டும்; அது எஸ்.பி. ரோட்டிலும் இல்லை. ஆள் குறைவு, பண்ணை பெரிது என்றிருக்கும் தேசத்துக்கு ஹேய்ஸின் கருவி வேண்டும். ஆளும் கல்லும் கிடைக்கிற, அரை ஏக்கருக்கு ஐந்து மூலை இருக்கிற இடத்தில் மேஸ்திரி ஒரு கல்லில் கடப்பாரையை முட்டுக் கொடுத்து, முள்ளை அதில் மாட்டி, உடம்பைச் சாய்த்து ஒரு நெம்பு நெம்பினால் முடிந்தது. இன்னொருவர் கட்டுக்கம்பியைக் குறட்டால் முறுக்குவார். அடுத்த கல். இந்தக் கடப்பாரைதான் குழி தோண்டியது, கல்லை நிமிர்த்தியது, மத்தியானம் இளநீரையும் திறந்தது. புல்லர் இளநீர் திறக்காது.

மைத்துனன் விடவில்லை. இரும்பு குளிர்ந்தால் சுருங்கும். 100 மீட்டர் கம்பி 15 டிகிரி குளிர்ந்தால் 18 மில்லிமீட்டர். பெங்களூரில் மத்தியானத்துக்கும் விடியலுக்கும் அவ்வளவு வித்தியாசம் பல நாள் உண்டு. அப்படியானால் கம்பியை எந்த நேரத்தில் இழுப்பது சரி என்று மேஸ்திரியைக் கேட்டான்.

“நாங்க எட்டரைக்கு வருவோம் சார்.”

மேஸ்திரி கட்டிய கம்பியைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். காதால் அளக்கிறார் என்று கண்டுகொண்ட மைத்துனன், மகளின் வீணைக்காகப் போட்டிருந்த சுருதிச் செயலியைக் கம்பியோரம் பிடித்தான். செயலி மௌனம் சாதித்தது. காரணம் எளிது: பத்தடி முள்கம்பி 50 முதல் 100 கிலோ இழுவையில் அதிர்வது நொடிக்குச் சுமார் 11 முதல் 16 தடவை, மனிதக் காதுக்கு எட்டுவது 20-லிருந்துதான். அப்படியானால் மேஸ்திரிக்குக் கேட்டது என்ன? நான் தனியாகக் கேட்டேன். “அது ஒண்ணுமில்ல சார். தட்டிப் பாத்தாத்தான் ஓனருக்குத் திருப்தியா இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் வந்து வேலியைச் சுற்றிப் பார்த்தார். அவர் காங்கேயத்துப் பக்கம். அங்கே கொறங்காடு என்று மாடு மேய்கிற புல்வெளிகளைச் சுற்றி உயிர்வேலியாகக் கிளுவைதான். “இதுக்குப் போயி இத்தனை காசாடா? மழைக்கு முன்னாடி கிளுவைப் போத்த வெட்டி நட்டா அதுவாத் தழைச்சு நெருங்கிக்குது. யாரு அதைய இழுத்துக் கட்டறாங்க?”

“அதுக்கு மூணு வருஷம் ஆகும்மா.”

“கடன ஏழு வருசம் கட்டறவனுக்கு மூணு வருசம் பொறுக்க முடியலையாக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களாச்சும் சொல்லக் கூடாதுங்களா மாப்ள?” என்றார். நான் மேஸ்திரி செய்ததுபோல் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தேன்.

யாரைத் தடுக்க இந்த வேலி என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. மயில் மேலே பறந்து வரும், பன்றி அடிக்கம்பிக்குக் கீழே நுழைந்து வரும். பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானை இறங்கினால் அதற்கு முள்கம்பி ஒரு பொருட்டே அல்ல. கர்நாடக வனத்துறை யானைக்கென்று பழைய ரயில் தண்டவாளங்களை நட்டுத் தடுப்புப் போடுகிறது. மிச்சமிருப்பது பக்கத்து ராகிக்காரர். அவர் வேலி போட்ட நாளெல்லாம் தம் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி நாள் எழுந்து வந்து விண்ணப்பம் வைத்தார். அவர் அப்பா காலத்திலிருந்து பஸ்ஸுக்குப் போவது இந்த மூலை வழியாகத்தானாம். சர்வே படத்தில் இல்லாத ‘காலுதாரி’, அதாவது ஒற்றையடிப் பாதை. அந்த ஒரு இடத்தில் மட்டும் நடுக்கம்பிகளைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் குனிந்து போய்விடுவார். மைத்துனன் என்னைப் பார்ப்பதற்குள், மேஸ்திரி அந்த இரண்டு கம்பியின் கட்டை அவிழ்த்து லேசாகக் கட்டிவிட்டார். இப்போது மாட்டைத் தவிர எல்லாரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள், மைத்துனன் உட்பட. கேட் பூட்டுக்குச் சாவி எப்போதும் பெங்களூரில் இருக்கிறது.

புல்லர் வீணாகவில்லை. எங்கள் வேலியைத் தவிர எல்லாவற்றையும் இழுத்தது. சேற்றில் இறங்கிய டிராக்டர், சாய்ந்த தென்னை, யாரோ ஒருவரின் கிணற்றில் விழுந்த படிக்கல். கிராமத்தில் எங்களை ‘ரெண்டு டன் வீட்டுக்காரர்’ என்று சொல்வதாகக் கேள்வி. போன மாதம் ராகிக்காரர் வந்தார். அவருடைய போர்வெல்லில் மோட்டார் மாட்டிக்கொண்டதாம், தொள்ளாயிரம் அடியில்.

“ரெண்டு டன்தானே சார் இது?”

மைத்துனன் உடனே கணக்கில் இறங்கினான். ரோப் ஆறடி. ஆறடிக்கு ஒரு தரம் கழற்றி மாட்ட வேண்டும். “நூற்றைம்பது தடவை வரும், பரவாயில்லையா?”

அவர் பீடியை ஒரு இழுப்பு இழுத்து யோசித்தார். “பரவால்ல, குடுங்க. எதுக்கும் அந்த மேஸ்திரியக் கடப்பாரையோட வரச் சொல்லுங்க.”