நரை, திரை, திருவாலங்காடு: ஓர் அளவியல் ஆய்வு

மனித உடலின் மூப்பை அளக்கும் முறைகளுள் எது நம்பத்தக்கது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம்: திருவள்ளூர் மாவட்டம், திருவாலங்காடு. பக்கத்திலுள்ள திருத்தணியை எடுத்திருக்கலாம். ஆனால் அங்கே மலையேறுகிறவர்களில் பலர் மொட்டை போட்டு, முதன்மைச் சான்றையே முருகனுக்குக் காணிக்கையாக்கிவிடுகிறார்கள்.

முதலில் மேல்நாட்டு அளவுகோல்கள். ஆண் வழுக்கைக்கு ஹாமில்டன் 1951இல் வகுத்து, நார்வுட் 1975இல் திருத்திய படிகள் ஏழு. தோல் சுருக்கத்துக்கு க்ளோகாவ் வைத்தவை நான்கு: முதற்படியில் சுருக்கமே இல்லை, இரண்டாவதில் முகம் அசைந்தால் தெரியும், மூன்றாவதில் சும்மா இருந்தாலே தெரியும், நான்காவதில் சுருக்கத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. இதைப் படித்த நாள்முதல் நான் சபையில் சிரிப்பதில்லை.

இந்த நான்கு படிகளும் திருவாலங்காட்டில் செல்லுபடியாகா. காரைக்கால் அம்மையார் இங்கே பாடிய மூத்த திருப்பதிகத்தின் முதற்பாட்டிலேயே ஒரு பேயுருவின் முழு உடற்பரிசோதனை அறிக்கை கிடைக்கிறது: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிவிழுந்த கண், ஒட்டிய வயிறு, துருத்திய கணுக்கால். பல் இரண்டு இடங்களில் வருவதால் அறிகுறிகள் எட்டா ஒன்பதா என்று நீண்ட நேரம் குழம்பினேன். ஒன்பது என்றே கொள்கிறேன். அது அம்மையார் தம்மையே சொன்னது என்பது மரபு.

கூர்ந்து பார்த்தால் அந்தப் பட்டியலில் நரை இல்லை. தலைமயிர் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். மயிர்க்காலில் நிறமிச் செல்கள் ஓய்ந்தால் வருவது நரை; சத்துக்குறைவில் வருவது செம்பட்டை. ஆக, நோய்க்குறிப்பு துல்லியம். இன்னொன்று: பெரியபுராணப்படி, அம்மையாரான புனிதவதியார் இளமையிலேயே உடல் தசையை வேண்டாமென்று உதறிப் பேயுரு கேட்டு வாங்கிக்கொண்டவர். அதாவது அறிகுறிகள் எல்லாம் உண்டு, வயதுதான் இல்லை.

எதிர்ச்சான்று புறநானூற்றில் இருக்கிறது. புலவர் பிசிராந்தையாருக்கு வயது உண்டு, நரை இல்லை. காரணம் கேட்டவர்களுக்கு அவர் எண்ணெய்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை. நல்ல மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என்று அடுக்கினார். இந்த ஐந்தும் ஒருசேர வாய்த்தவர் இன்று எவரும் அகப்படாததால் அவருடைய முறையைச் சோதிக்க இயலவில்லை. (திருவாலங்காட்டு வடாரண்யேசுவரர் கோயில் அம்பாளின் பெயர் வண்டார்குழலி. தேவியர் கூந்தல் இவ்வாய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது.)

அம்மையாரையும் பிசிராந்தையாரையும் சேர்த்துப் பார்த்தால் தோலும் மயிரும் வயதுக்குச் சாட்சியாகா என்பது தெளிவு. அப்படியென்றால் எதைக் கொண்டு அளப்பது? கயிலையில் தலையால் நடந்துவந்த அம்மையாரைச் சிவபெருமான் ‘அம்மையே’ என்று அழைத்தார். காலத்துக்கே மூத்தவர், அந்த இளம்பெண்ணைத் தாயாக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் அம்மையார்தான். பிறந்த ஆண்டை யாரும் கேட்பதில்லை.

எனவே மூப்பை அளக்கும் ஒரே கருவி, எதிரே நிற்பவர் நம்மை அழைக்கும் முறை. அண்ணா, சார், அங்கிள், பெரியவரே, தாத்தா என்று படிகள் ஐந்து. கீழ்ப்படிக்குத் திரும்பியவர் இல்லை. தலைக்குச் சாயம் பூசினால் ஒருபடி தள்ளிப்போகும். முகத்துக்கு க்ரீம் பூசினால் செலவுதான். எல்லைப்புற ஊர் என்பதால் இங்கே ‘தாத்தகாரு’ என்ற தெலுங்கு வழக்கும் காதில் விழும். மரியாதை கூடுகிறது, வயது குறைவதில்லை.

வடாரண்யேசுவரர் சன்னதியில் பூ விற்கும் பெண்களுக்கு ஆய்வாளரின் பணிவான விண்ணப்பம்: ‘சார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழத்துக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகத் தருகிறேன்.