டீச்சரம்மாவும் போர்வைச் சங்கமும்

சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார யாருக்காவது மனசு வருமா? வரும். சபைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் வெள்ளிக்கிழமைதோறும் பத்துப் பதினைந்து பெண்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே மூன்று மின்விசிறிகள் உண்டு. ஒன்று சுற்றும். ஒன்று சத்தம் மட்டும் போடும். மூன்றாவது, முன்னாள் சேகரக் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் நினைவாகக் கொடுக்கப்பட்டது. அதனால் அதை யாரும் குறை சொல்வதில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தையல் பிரிவு என்பது நோட்டீஸில் போடுகிற பெயர். ஊர் வாயில் அது போர்வைச் சங்கம். தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாரும் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார்கள். மாறாதவர் டீச்சரம்மா. அவருக்குப் பதவி என்று எதுவும் கிடையாது. பீரோ சாவி மட்டும் அவர் இடுப்பில் இருக்கிறது.

இன்னார்தான் அவர் என்று யாரும் துப்பறிய வேண்டாம். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், டோனாவூர் என்று எந்தச் சபைக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, தோளில் ஊக்கு, சங்கிலி கட்டித் தொங்கும் கண்ணாடி. திருமண்டலத்து டி.டி.டி.ஏ. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வு உத்தரவின் நகல் அவர் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. ஹாலுக்குள் நுழைந்ததும் ஆஜர் எடுக்கிறார். "போன வாரம் ஏம்மா வரல?" என்று அறுபத்தைந்து வயதுக்காரியைக் கேட்கிறார். அந்த அம்மாளும் எழுந்து நின்று, "காய்ச்சல் டீச்சர்" என்கிறார். அவர் பேரனும் இதே டீச்சரிடம்தான் வாய்ப்பாடு படித்தான். பயம் மூன்று தலைமுறைக்கும் பொது.

இந்த ஊரில் போர்வை யாருக்கு என்று கேட்காத ஆள் இல்லை. முக்கியமாக ஆண்கள் கேட்பார்கள். டீச்சரம்மா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "ராத்திரி பத்து மணிக்குப் பெரியாஸ்பத்திரி வராந்தாவ ஒரு நடை போய்ப் பாரும். உள்ள படுத்திருக்கிறவனுக்குக் கட்டில் உண்டு. கூட வந்தவ எங்க படுத்திருக்கான்னு பாத்துட்டு வந்து என்கிட்ட கேளும்."

இதற்கு மேல் அவர் விளக்கம் சொல்ல மாட்டார். அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன். நம் பக்கத்தில் போர்வை என்பது குளிருக்காக மட்டும் உள்ளது இல்லை. மார்கழியில் சிமெண்ட் தரை சில்லிடுவது நிஜம்தான். ஆனால் அது ஒரு மாதச் சங்கதி. கொசு பன்னிரண்டு மாதமும் உண்டு. கொசுவை விடப் பெரியது கூச்சம். பத்துப் பேர் நடந்து போகிற இடத்தில் ஒரு பொம்பளை கண்ணை மூடிப் படுக்க வேண்டுமானால், தலைமுதல் கால்வரை இழுத்து மூடிக்கொள்ள ஒரு துணி வேண்டும். அந்தத் துணிதான் அன்றைக்கு அவளுக்கு வீடு, கதவு, தாழ்ப்பாள் எல்லாம். ஆகவே டீச்சரம்மாவின் போர்வையில் ஒரு சட்டம் உண்டு: வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியக் கூடாது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் ஊசி கிடைக்காது. வரலாறு கிடைக்கும். யோப்பா பட்டணத்தில் விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்த தொற்காளில் தொடங்குவார். அங்கிருந்து ஒரே தாவலில் நாகர்கோவில். 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தது, அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல் ஐயருக்கு வாழ்க்கைப்பட்டு இடையன்குடிக்கு வந்து அங்கேயும் லேஸ் பின்ன வைத்தது, எல்லாம் வரிசையாக வரும். எலைசா அம்மையாரை ஏதோ தன் சின்ன மாமியார் மாதிரி உரிமையோடு பேசுவார். "ஐயர் 1856ல ஒப்பிலக்கணம் போட்டாரு, உலகமே பேசுது. அம்மா லேஸ் பின்ன வச்சாங்க. எது எத்தனை வீட்டுல உலை வச்சதுன்னு இடையன்குடியில போய்க் கேளுங்க." தமிழறிஞர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் இதற்குப் பதில் சொல்லச் சொன்னால் நானும் கொஞ்சம் திணறித்தான் போவேன்.

டீச்சரம்மாவைப் பார்க்க வேண்டிய இடம் துணி வாங்குகிற மேசை. சபையில் யாருக்காவது தர்ம சிந்தனை வந்தால் அது பெரும்பாலும் பீரோவில் இடமில்லாமல் போனதால் வந்ததாக இருக்கும். பை பையாகக் கொண்டுவருவார்கள். இவர் ஒவ்வொன்றாக உதறி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நைலக்ஸ் சேலை திரும்பிப் போகும்; வியர்வை இழுக்காது, தையலில் வழுக்கும். ஜரிகை குத்தும், அதுவும் போகும். ஹூக் போன ரவிக்கைகளை ஏன் கொண்டுவருகிறார்கள் என்பது எனக்கும் விளங்கவில்லை. ரவிக்கையில் போர்வை தைப்பதென்றால் ஒரு சபையே ரவிக்கை இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

ஒருமுறை தேர்தல் முடிந்த கையோடு ஒரு பிரமுகர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வேட்டி வந்தது. அத்தனையும் நல்ல பருத்தி. ஆனால் ஒரு பாதியில் ஒரு கட்சியின் கரை, மறு பாதியில் அதற்கு நேர் எதிர்க் கட்சியின் கரை. பிரமுகரின் அரசியல் வாழ்க்கை முழுவதும் அந்த மூட்டையில் இருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து கரைகளைப் பிரித்து எடுக்க வைத்தார் டீச்சரம்மா. "கூட்டணி எல்லாம் அவங்க வெளிய வச்சிக்கிடட்டும். நம்ம போர்வைக்குள்ள வேண்டாம்."

கிழிந்த சேலை கொண்டுவந்தவளிடம் அவர் சண்டை போடுவதில்லை. கிழிசலுக்குள் விரலை விட்டு, "நீ போத்துவியாட்டி இத?" என்று கேட்பார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து நல்ல சுங்குடிச் சேலை வரும்.

வேலை முறை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பதினெட்டு முழ விவகாரம் வேண்டாம், சாதாரண ஐந்தரை மீட்டர் சேலை போதும். மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், நாலடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், மூன்று மடிப்புக் கனம். முந்தி மேலே வர வேண்டும். பழைய சேலையில் நன்றாக இருப்பது முந்திதான்; நைந்து போவது கொசுவம் வைத்து மிதிபடுகிற பகுதி. அது நடுமடிப்புக்குள் போய்விடும். ஓரத்தை மிஷினில் அடித்துவிட்டு, உள்ளே முழுக்க ஓட்டுத் தையல் கையால் போட வேண்டும். இல்லையென்றால் துவைத்த இரண்டாம் நாளே உள்மடிப்பு சுருண்டு ஒரு மூலையில் போய் ஒதுங்கிக்கொள்ளும். தையல்கள் நெல் நீளத்துக்கு இருக்க வேண்டும். நீண்டால் பிரிக்கச் சொல்வார். பிரிக்கச் சொன்னால் பிரித்துவிட வேண்டும். அங்கே மேல்முறையீடு கிடையாது.

சங்கடம் எல்லாம் ஐயரம்மா தையலில்தான். சில வருஷத்துக்கு ஒருமுறை சபைப் போதகரான ஐயருக்கு மாற்றல் வரும், புது ஐயரோடு அவர் மனைவி, புது ஐயரம்மா, வருவார். சிலருக்குத் தையல் வரும், சிலருக்குப் பாட்டு வரும். பாட்டு வருகிறவர் போடும் தையல் முழ நீளம் இருக்கும். ஐயரம்மா போட்டதைப் பிரிக்கச் சொல்வது எப்படி? டீச்சரம்மா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். "எவ்வளவு அழகா போட்டிருக்கீங்கம்மா" என்று வாயாரச் சொல்லி, அந்தப் போர்வையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொள்வார். ராத்திரி வீட்டில் பிரித்து மறுபடி தைத்துவிடுவார். அடுத்த வாரம் ஐயரம்மா தன் தையலைத் தானே பார்த்து வியப்பார். பொய் சொல்வது பாவம் அல்லவா என்று நான் கேட்டதற்கு, "அழகா இருக்குன்னுதான் சொன்னேன். நிக்கும்னு சொன்னேனா?" என்றார்.

ஊசி ஓடும்போது நாக்கும் ஓடும். ஆனால் புறங்கூறக் கூடாது என்பது சங்க விதி. அதனால் எல்லாச் செய்தியும் ஜெபக் குறிப்பாக வரும். "பேரு வேண்டாம், மூணாவது தெரு பச்சை கேட்டு வீட்டு மூத்த பையனுக்காக ஜெபிச்சிக்கிடுங்க. பெங்களூர்ல ஏதோ பிள்ளையோட..." என்று தொடங்கினால், ஜெபிப்பதற்குத் தேவையான விவரம் எல்லாரும் கேட்பார்கள். பிள்ளை எந்த ஊர், என்ன சம்பளம், தாய் தகப்பன் சம்மதமா? விவரம் தெரியாமல் ஆண்டவரிடம் எப்படி விண்ணப்பிப்பது? டீச்சரம்மா ஐந்து நிமிஷம் அனுமதிப்பார். ஏனென்றால் அவருக்கும் தெரிய வேண்டும். பிறகு இஞ்ச் டேப்பால் மேசையைத் தட்டுவார்.

ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் ஆண்களோடு யுத்தம். வாழைத்தார், சேவல், கேக் ஏலத்தோடு நாலு போர்வையும் ஏலத்துக்கு வேண்டும் என்று கமிட்டி கேட்கும். ஒருமுறை கொடுத்துப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்த ஒருவர் பெருந்தொகைக்கு எடுத்து, கைதட்டல் வாங்கி, போர்வையைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏலம், மறுபடி கைதட்டல். கோயிலுக்கு நல்ல காசு. போர்வை மட்டும் மேடையை விட்டு இறங்கவே இல்லை. மறுவருஷம் கமிட்டி கேட்டபோது, பீரோ சாவி எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. பண்டிகை முடிந்த மறுநாள் கிடைத்துவிட்டது.

போட்டோ விஷயத்திலும் அவர் அப்படித்தான். ஒரு போர்வையைப் பன்னிரண்டு கை பிடித்துக்கொண்டு, வாங்குகிறவரைக் காமிராவைப் பார்க்கச் சொல்லுகிற வழக்கம் அவருக்குப் பிடிக்காது. "போட்டோ வேணும்னா நீங்க போத்திக்கிட்டு நில்லுங்க, எடுக்கட்டும்" என்று கமிட்டிக்காரர் ஒருவரிடமே சொல்லிவிட்டார். அவர் இப்போதும் டீச்சரம்மாவைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழை நெல்லை, தூத்துக்குடிக்காரர் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷனுக்கும் கொக்கிரகுளத்துக்கும் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. ஊரெல்லாம் பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் ஈரத்தோடு வந்தவர்களால் நிறைந்தன. டீச்சரம்மா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பீரோவைத் திறந்தார். அழவில்லை, ஜெபிக்கவும் இல்லை. நோட்டுப் போட்டு வரிசையாகக் கொடுத்தார். வரிசையில், இந்த ஊரில் போர்வை யாருக்கு என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவரும் நனைந்த வேட்டியோடு நின்றார். ஒன்றும் பேசாமல் அவருக்கும் ஒன்று கொடுத்தார். கையெழுத்து மட்டும் இரண்டு இடத்தில் வாங்கிக்கொண்டார்.

சபைக்குள் இவரை அதிகாரம் பிடித்தவர் என்பார்கள். உண்மைதான். இவர் வராத வாரம் ஹாலில் சிரிப்பு அதிகம் இருக்கும், காப்பி இரண்டு தடவை வரும், போர்வை அரை அடி கூட நகராது. இல்லாதவருக்குக் கொடுப்பதுதானே, எப்படி இருந்தால் என்ன என்கிற எண்ணத்தோடு வருகிற யாரும் அவருக்குக் கீழே வேலை செய்ய முடியாது. இது குணக்கேடு என்றால் அந்தக் குணக்கேடு இன்னும் நாலு பேருக்கு இருந்தால் நல்லது என்பேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சங்கம் இருந்தால் துணி கொடுங்கள். பருத்திச் சேலையாக, துவைத்து, ஊக்கைக் கழற்றி, பாச்சை உருண்டை வாடை போக ஒரு நாள் வெயிலில் போட்டுக் கொடுங்கள். கரை வேட்டி என்றால் கரையை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். தயவுசெய்து ரவிக்கை வேண்டாம்.