சுட்டது நான், தவறவிட்டது மார்த்தா

துப்பாக்கிக்குப் பெயர் வைத்துக் கொஞ்சுவது அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் இருநூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிற வழக்கம். கென்டக்கி காட்டுக்குள் பாதை போட்ட டேனியல் பூனின் துப்பாக்கிக்குப் பெயர் 'டிக் லிக்கர்'. உண்ணி நக்கி என்று சொல்லலாம். தூரத்தில் நிற்கும் மிருகத்தின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணியை மட்டும் சுட்டு எடுத்துவிடுமாம். மிருகத்துக்கு ஒரு கீறல்கூட விழாதாம். நம்மூரில் மாட்டுக்கு உண்ணி எடுக்க வேப்பெண்ணெய் போதும். குறி பார்க்க வேண்டாம். மாடும் மிரளாது.

டென்னசியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றம் வரை போன டேவி க்ராக்கெட்டின் துப்பாக்கி 'ஓல்ட் பெட்சி'. பிலடெல்பியா அபிமானிகள் அலங்கார வேலைப்பாட்டோடு இன்னொன்றைப் பரிசளித்தார்கள். அது 'ப்ரெட்டி பெட்சி' ஆனது. அவருடைய இரண்டாவது மனைவி பெயர் எலிசபெத். எலிசபெத்தைச் செல்லமாகக் கூப்பிட்டாலும் பெட்சிதான். கணவன் திண்ணையில் உட்கார்ந்து 'கிழட்டு பெட்சி', 'அழகு பெட்சி' என்று ஊராரிடம் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், அடுப்படியில் இருப்பவள் என்ன நினைப்பாள்? மனுஷன் அடிக்கடி காட்டுக்குக் கிளம்பிப் போனதற்கு மிருகங்கள் மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பஃபலோ பில் என்று பேர் வாங்கிய வில்லியம் கோடி இன்னும் ஒரு படி மேலே போனார். 1867-68இல் கான்சஸில் ரயில் பாதை போட்ட தொழிலாளர்களுக்குக் காட்டெருமை இறைச்சி கொடுப்பது அவர் வேலை. மாதச் சம்பளம் 500 டாலர். பதினெட்டு மாதத்தில் 4,280 எருமை சுட்டதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். அவர் கையிலிருந்த ஸ்ப்ரிங்ஃபீல்டு துப்பாக்கியின் பெயர் 'லுக்ரீசியா போர்ஜியா'. அந்த அம்மாள் இத்தாலியில் ஒரு போப்பாண்டவரின் மகள். விருந்துக்கு வந்தவர்களை விஷம் வைத்துக் கொன்றாள் என்று ஊர் வாய் பேசியது. நிரூபணம் எதுவும் இல்லை. நாடகமாகவும் ஆப்பராவாகவும் அந்தப் பழி பரவி, கடைசியில் கான்சஸ் புல்வெளியில் எருமை சுடும் இரும்புக் குழாய் வரைக்கும் வந்து சேர்ந்தது. கட்டை போய் இரும்பு மட்டும் மிஞ்சிய அந்தத் துப்பாக்கியை வயோமிங்கில் கோடி ஊர் அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம். ஊருக்குக்கூட அவர் பெயர்தான். எருமை பாவம் மட்டும் லுக்ரீசியா கணக்கில்.

எனக்குப் பிடித்தவர் சாமுவேல் பேக்கர். இலங்கையில் நுவரெலியாவில் சில வருஷம் குடியிருந்து யானை வேட்டையாடிவிட்டு, பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்கா போன ஆங்கிலேயர். அவரிடம் அரை ராத்தல் எடையுள்ள வெடிகுண்டைச் சுடும் ராட்சதத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'பேபி'. விசையை அழுத்தினால் அது உதைக்கிற உதையில் ஆஜானுபாகுவான பேக்கரே சுழன்று திரும்பிவிடுவார். அதைச் சுடப் பயமாக இருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கூட வந்த அரபுக்காரர்களுக்கு விவரம் தெரியும். அவர்கள் அதைப் பீரங்கியின் குழந்தை என்றார்கள். பேக்கர் ஏன் பேபி என்றார்? துப்பாக்கி உதைத்துத் தள்ளிவிட்டது என்றால் ஊர் சிரிக்கும். குழந்தை உதைத்தது என்றால் யாருக்கும் மானக்கேடு இல்லை.

இந்தப் பெயர் விவகாரத்தின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது பென்சில்வேனியாவில், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது. அங்கே நவம்பர் கடைசியில் மான் வேட்டை ஆரம்பம். நன்றி செலுத்தும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை பல பள்ளிக்கூடங்களுக்கு அதற்காகவே விடுமுறை. நமக்குப் பொங்கல் மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைத் தன் வீட்டு நிலவறைக்கு அழைத்துப் போய், இரும்பு அலமாரியைத் திறந்து, "இவள் மார்த்தா" என்றார். உள்ளே ஒரு துப்பாக்கி. ஆயுத பூஜை பழக்கம் விடுமா? கை தானாகக் கும்பிட்டுவிட்டது. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பிறகு காபியோடு ஒரு அம்மாள் வந்தார். "என் மனைவி" என்றார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

வேட்டைக் கதைகள் தொடங்கின. "நான் ஒரே குண்டில் சாய்த்தேன்." "அப்போது நான் மூச்சையே விடவில்லை." "எட்டுக் கிளைக் கொம்பு, நான் அடித்தது." எல்லாம் நான், நான், நான். "போன வருஷம் எப்படி?" என்று கேட்டேன். பெரியவர் முகம் வாடியது. "மார்த்தா தவறவிட்டுவிட்டாள்" என்றார். காபிக் கோப்பையை எடுக்க வந்த அம்மாள் என் பக்கம் குனிந்து, "இவள் வந்த பிறகு எனக்குப் பாதி வேலை குறைந்தது" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். மான் விழுந்தால் மனுஷன் அடித்தது. ஓடிவிட்டால் துப்பாக்கி தவறவிட்டது. பழியைத் தூக்கிப் போட ஒரு ஆள் வேண்டும், ஆளென்றால் பெயர் வேண்டும்.

பழி சொல்ல அவகாசம் இல்லாத வேட்டைக்காரர்கள் பெயரே வைக்கவில்லை. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்டவர் ஜிம் கார்பெட். அதற்குப் பரிசாக வந்த ரிக்பி துப்பாக்கி அவர் எழுத்தில் வெறும் .275. நாய்க்கு ராபின் என்று பெயர் உண்டு, துப்பாக்கிக்கு எண்தான். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, தருமபுரிப் பக்கமெல்லாம் அலைந்த பெங்களூர் கென்னத் ஆண்டர்சனுக்கும் அவருடைய வின்செஸ்டர் வெறும் .405. அதே ரக .405 வின்செஸ்டரை 1909இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன தியோடர் ரூஸ்வெல்ட், சிங்கத்துக்கு இதுதான் மருந்து என்று அதற்குப் பட்டம் கொடுத்தார். அப்போதுதான் ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கியிருந்தார். பதவியும் பட்டமும் கொடுத்த கை சும்மா இருக்காது. கார்பெட்டுக்கும் ஆண்டர்சனுக்கும் குறி தப்பினால், சாயங்காலம் உட்கார்ந்து யாரைத் திட்டலாம் என்று யோசிக்கச் சாயங்காலமே இருந்திருக்காது.

நம் ஆட்களுக்கும் ஆயுதத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாமல் இல்லை. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் நாயக்கர் காலத்துப் பெரிய பீரங்கி ஒன்று கிடக்கிறது. பெயர் ராஜகோபாலன். ஆனால் பெருமாள் பெயரை வைத்துவிட்டால், குண்டு தப்பினால் யாரைத் திட்டுவது? இன்றைக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வேறு சங்கடம். தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும். ஆசையாகச் 'செண்பகம்' என்று பெயர் வைத்துவிட்டு, "செண்பகத்தை ஸ்டேஷனில் விட்டிருக்கிறேன்" என்று தெருவில் சொல்லிப் பாருங்கள்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது நம் நாட்டில் வேட்டை குற்றம். கதை கேட்பது குற்றமில்லை. அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். துப்பாக்கியைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறவர் கிடைத்தால் விடாதீர்கள், நல்ல கதை தேறும். ஆனால் புலியைப் பற்றி நிஜம் தெரிய வேண்டுமென்றால், எண்ணைச் சொன்னவர்கள் எழுதியதைப் படியுங்கள்.